கடைசல் பட்டறையிலிருந்து ஐரோப்பா முழுக்க!

(மூன்றாம் ஆண்டு, இயந்திரவியல் துறை)



ஆண்டு மலருக்கு ஒரு வாழ்க்கை வரலாறு எழுதித் தரச் சொல்லி யூனியன் செயலாளர் கேட்டபோது, எல்லோரையும் போல எனக்கும் எடிசனும் ஜேம்ஸ் வாட்டும்தான் ஞாபகத்துக்கு வந்தார்கள். அவர்களைப் பற்றி நம்ம மலரில் வராத வருஷம் ஏது? அந்தச் சமயத்தில் வீட்டில் ஓடிக்கொண்டிருந்த ஒரு பிரச்சினைதான் எனக்கு வேறு ஓர் ஆளைக் காட்டிக் கொடுத்தது. 1808-ல் பிறந்து 1892-ல் மறைந்த ஆங்கிலேயர். பெயர் தாமஸ் குக்.

என்ன பிரச்சினை என்று சொல்லிவிடுகிறேன். எங்க பெரியப்பா மகன், அதாவது என் அண்ணன், நம்மைப் போலவே டிப்ளமோ முடித்தவர். அவர் வேலை பார்க்கும் கம்பெனி ஆறு வாரப் பயிற்சிக்காக அவரை ஜெர்மனியில் ஸ்டுட்கார்ட் நகருக்கு அனுப்பியது. பயிற்சி முடிந்ததும் எட்டு நாள் லீவு. அந்த எட்டு நாளில் கொலோன், பிரஸ்ஸல்ஸ், பாரிஸ், ஸ்ட்ராஸ்பர்க், ஹைடல்பர்க் பார்த்துவிட்டுத் திரும்பவும் ஸ்டுட்கார்ட் வந்து விமானம் ஏற வேண்டும். மூன்று நாடு, எட்டு நாள், எல்லாம் ரயிலில். இதற்கு மொத்தமாக ஒரு ரயில் பாஸ் வாங்குவதா, இல்லை ஊருக்கு ஊர் தனித்தனி டிக்கெட் எடுப்பதா? பணமோ, தங்கை கல்யாணத்துக்கு என்று எடுத்து வைத்திருந்ததிலிருந்து பெரியப்பா மனசு வந்து கொடுத்தது. ஒரு ரூபாய் வீணாகப் போனாலும் வீட்டில் தலை நிமிர முடியாது.

கணக்குப் போடும் பொறுப்பை அண்ணன் என் தலையில் கட்டிவிட்டார். எஸ்டிமேஷன் அண்ட் காஸ்டிங் பேப்பரை முதல் அட்டெம்ப்டிலேயே பாஸ் பண்ணினவன் ஆயிற்றே நான்! ஒரு தாளில் இரண்டு பத்தி போட்டேன். இடது பக்கம் பாஸ், வலது பக்கம் தனி டிக்கெட். முன்கூட்டியே எடுத்தால் கிடைக்கும் சலுகை டிக்கெட்டுகளைக் கூட்டிப் பார்த்தால் பாஸைவிடக் குறைவாகவே வந்தது. இதையே எடுத்துவிடுங்கள் என்று அண்ணனுக்குச் சொல்ல இருந்த நேரத்தில்தான், நம்ம கல்லூரி நூலகத்தில் ரயில்வே வரலாறு பற்றிய ஒரு பழைய புத்தகத்தில் தாமஸ் குக்கைச் சந்தித்தேன். என் கணக்கில் ஒரு வரி விட்டுப்போயிருப்பது அவர் கதையைப் படித்த பிறகுதான் உறைத்தது. அது என்ன வரி என்பதைக் கடைசியில் சொல்கிறேன். முதலில் மனிதரைப் பார்ப்போம்.

பத்து வயதில் பள்ளிக்கு முழுக்கு

இங்கிலாந்தில் டெர்பிஷயர் மாவட்டத்தில் மெல்போர்ன் என்று ஒரு சிற்றூர். (ஆஸ்திரேலியாவில் உள்ள மெல்போர்ன் வேறு; குழப்பிக்கொள்ளாதீர்கள்!) அங்கே 1808 நவம்பர் 22-ல் தாமஸ் பிறந்தார். சின்னப் பிள்ளையாக இருக்கும்போதே தந்தை இறந்துபோனார். பத்து வயதில் படிப்பு நின்றது. ஒரு தோட்டக்காரரிடம் நாளொன்றுக்கு ஒரு பென்னி கூலிக்கு வேலை பார்த்தான் சிறுவன். பதினான்கு வயதில் உறவினர் ஒருவரிடம் மரக் கடைசல் வேலை கற்க அப்ரண்டிஸாகச் சேர்ந்தான். ஆமாம் நண்பர்களே, நம்ம ஒர்க்‌ஷாப்பில் லேத்தில் நின்று கால் வலிக்கிறது என்று புலம்புகிறோமே, அந்த லேத்தின் மரவேலைச் சகோதரன்தான் அவருடைய முதல் தொழில்!

இளைஞரானதும் மனம் சமயப் பணியில் திரும்பியது. 1828-ல் பாப்டிஸ்ட் சபையின் ஊழியராகக் கிராமம் கிராமமாகப் போனார். வண்டிக்குக் காசு ஏது? 1829-ம் ஆண்டில் மட்டும் அவர் பயணம் செய்தது 2,692 மைல். அதில் 2,106 மைல் கால்நடை என்று கணக்கு வைத்திருக்கிறார். பஸ் பாஸ் தொலைந்து ஒரு நாள் நடந்து வந்தாலே நாம் நொந்துபோகிறோம். இவர் வருஷம் முழுக்க நடந்தார். பயணத்தில் வழியும் செலவும் ஓர் ஏழைக்கு எவ்வளவு பெரிய விஷயம் என்பது அவருக்குக் காலில் ஏறிய பாடம்.

சபையிடம் பணம் வற்றியதும் மறுபடி கடைசல் வேலை. மார்க்கெட் ஹார்பரோ என்ற ஊரில் குடியேறி, 1833-ல் மேரியன் மேசனை மணந்தார். மறு ஆண்டு மகன் ஜான் மேசன் குக் பிறந்தான். அந்தக் காலத்தில் தொழிலாளர் குடும்பங்களைச் சாராயம் சீரழித்துக்கொண்டிருந்தது. குக் தானும் குடிப்பதில்லை என்று உறுதி எடுத்து, மதுவிலக்கு இயக்கத்தில் தீவிரமாக இறங்கினார்.

ஒரு ஷில்லிங் ரயில்

1841 ஜூன் 9. லெஸ்டர் நகரில் மதுவிலக்குக் கூட்டம். வழக்கம்போல மார்க்கெட் ஹார்பரோவிலிருந்து சுமார் 15 மைல் நடந்து போய்க்கொண்டிருந்தார் குக். புதிதாக வந்திருக்கும் இந்த ரயிலை நம்ம இயக்கத்துக்குப் பயன்படுத்தினால் என்ன என்று வழியில் ஒரு யோசனை. நேராக ரயில் கம்பெனியிடம் போய்ப் பேசினார். ஜூலை 5-ந் தேதி லெஸ்டரிலிருந்து லஃப்பரோவுக்குச் சுமார் 11 மைல் தூரம் ஒரு தனி ரயில் ஓடியது. ஏறியவர்கள் ஏறக்குறைய 500 பேர். பெரும்பாலும் மேற்கூரை இல்லாத பெட்டிகள். போக வரக் கட்டணம் தலைக்கு ஒரு ஷில்லிங்.

உல்லாச ரயில் விட்ட முதல் ஆள் குக் என்று சிலர் எழுதுவார்கள். அது சரியில்லை, அவருக்கு முன்பே அப்படிப்பட்ட ரயில்கள் ஓடியிருக்கின்றன. அவருடைய பெருமை வேறு இடத்தில் இருக்கிறது. ரயில் கம்பெனிக்கு எஞ்சின் எப்படியும் ஓடத்தான் போகிறது, கரி எரியத்தான் போகிறது, டிரைவருக்குச் சம்பளம் கொடுத்துத்தான் ஆக வேண்டும். பெட்டி காலியாகப் போனால் நஷ்டம் கம்பெனிக்கு. அந்தக் காலி இடத்தை நிரப்பித் தருகிறேன், கட்டணத்தைக் குறையுங்கள் என்று கேட்பதுதான் குக்கின் பேரம். நம்ம பாடப் புத்தகத்தில் மாறாச் செலவு, மாறும் செலவு என்று படிக்கிறோமே, அதை எந்தக் கல்லூரியிலும் படிக்காமலே புரிந்துகொண்டவர் அவர்.

1845-ல் லிவர்பூலுக்கு முதல் வியாபாரப் பயணம். மறு ஆண்டு 350 பேரை ஸ்காட்லாந்துக்கு அழைத்துப் போனார். அது படாத பாடு. ரயிலில் கழிவறை கிடையாது. வழியில் தருவதாகச் சொன்ன தேநீர் கிடைக்கவில்லை. கப்பலில் எல்லோருக்கும் அறை போதவில்லை. கிளாஸ்கோவில் பேண்டு வாத்தியத்தோடு வரவேற்பு என்னவோ தடபுடலாக இருந்தது! ஆனால் பயணிகள் திட்டியதை அவர் மறக்கவில்லை. போகிற வழியில் என்னென்ன தவறும் என்பதை முன்கூட்டியே யோசித்து வைப்பது அதன் பிறகு அவருக்குப் பழக்கமாகிவிட்டது.

1851-ல் லண்டனில் பெரிய கண்காட்சி. அதற்கு ஒன்றரை லட்சம் பேரை ரயிலில் கொண்டு சேர்த்தார். தொழிலாளர்கள் வாரா வாரம் சிறுகச் சிறுகக் கட்டிச் சேமிக்கும் சங்கங்கள் அமைத்தார்கள். நம்ம ஊர் தீபாவளிச் சீட்டு மாதிரி என்று வைத்துக்கொள்ளுங்களேன். பதினேழு வயது மகன் ஜானும் தந்தையோடு ஓடியாடி ஆள் சேர்த்தான்.

பாரிசுக்கு ஒரு சுற்றுவழி

1855-ல் பாரிசில் உலகக் கண்காட்சி. ஆங்கிலக் கால்வாயைக் கடந்து நேராகப் போகும் பாதைகளின் கம்பெனிகள் குக்கோடு உடன்படிக்கைக்கு வர மறுத்துவிட்டன. வேறு ஆளாக இருந்தால் விட்டிருப்பார். குக் வரைபடத்தைத் திருப்பிப் பார்த்தார். ஹார்விச் துறைமுகத்திலிருந்து கப்பலில் ஆன்ட்வெர்ப். அங்கிருந்து பிரஸ்ஸல்ஸ், கொலோன். ரைன் நதியில் படகு. பிறகு ஹைடல்பர்க், பாடன்-பாடன், ஸ்ட்ராஸ்பர்க், கடைசியில் பாரிஸ்! நேர்வழி மூடிப்போனதால் பல நாடுகளைச் சுற்றிக் காட்டும் பயணம் பிறந்தது.

இந்தப் பக்கத்தைப் படித்தபோது எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. அண்ணன் தாளில் எழுதிக் கொடுத்த ஊர்கள் எல்லாமே அதில் இருக்கின்றன! நூற்றைம்பது வருஷத்துக்கு மேல் ஆகியும் வழி மாறவில்லை.

ஆனால் அந்தப் பயணத்தில் குக்குக்குக் கைநஷ்டம். கம்பெனிக்கு ஒரு கட்டணம், நாட்டுக்கு ஒரு நாணயம், எல்லைக்கு எல்லை வேறு பாஷை. பயணி ஒவ்வொரு இடத்திலும் வரிசையில் நின்று, பணம் மாற்றி, கையைக் காலைக் காட்டி டிக்கெட் வாங்க வேண்டும். குக்குக்கோ அந்த நாட்டு மொழிகள் பிடிபடவில்லை. இந்தத் தொல்லை தீராமல் ஐரோப்பாவுக்குள் சாதாரண ஜனங்களை அழைத்துப் போக முடியாது என்பது அவருக்கு விளங்கியது.

சீட்டுப் புத்தகம்

1862-ல் ஸ்காட்லாந்து ரயில் கம்பெனிகளும் அவருக்குச் சலுகை டிக்கெட் தருவதை நிறுத்தின. பல வருஷப் பிழைப்பு ஒரே நாளில் போயே போச்சு. குக் முழு மூச்சாக ஐரோப்பாவின் பக்கம் திரும்பினார். 1863 கோடையில் சுவிட்சர்லாந்துக்கு முதல் கூட்டம் கிளம்பியது. அதில் போன ஜெமைமா மோரல் என்ற பெண் எழுதிய நாட்குறிப்பு பிற்காலத்தில் கண்டெடுக்கப்பட்டு, பயணத்தின் நூற்றாண்டான 1963-ல் அச்சானது. மலைப்பாதையில் அன்று ரயில் குறைவு. நடையும் கோவேறு கழுதையும் குதிரை வண்டியுமாகத்தான் பல இடங்களைக் கடந்திருக்கிறார்கள்.

இந்த வருஷங்களில்தான் குக்கின் சுற்றுப்பயணச் சீட்டு ஐரோப்பாவில் வேரூன்றியது. என் கட்டுரையின் உயிர்நாடி இதுதான், கொஞ்சம் கவனமாகப் படியுங்கள்.

குக் பல ரயில் கம்பெனிகளிடமும் கப்பல் கம்பெனிகளிடமும் பேசி, மொத்தமாகக் குறைந்த விலையில் ஏற்பாடு செய்துகொண்டார். பயணத்தின் ஒவ்வொரு கட்டத்துக்கும் ஒரு சீட்டு. எல்லாச் சீட்டையும் வரிசையாகச் சேர்த்து ஒரே சிறு புத்தகம். பயணி புறப்படும்போதே சொந்த ஊரில், சொந்தப் பாஷையில், சொந்த நாணயத்தில் பணம் கட்டிவிடுவார். போகப் போக அந்தந்தக் கட்டத்துச் சீட்டைக் கிழித்துக்கொள்வார்கள். வழி முன்பே முடிவானது; ஆனால் நாள்? குறிப்பிட்ட காலக்கெடுவுக்குள் எந்த நாளும் போகலாம். கொலோன் பிடித்துப்போனால் இன்னும் ஒரு நாள் தங்கு. மழை பெய்தால் நாளைக்குக் கிளம்பு. சீட்டு செல்லும்.

தனித்தனி டிக்கெட்டின் தொல்லையும் இல்லை, எங்கே வேண்டுமானாலும் போ என்ற பாஸின் விலையும் இல்லை. இரண்டுக்கும் நடுவில் ஒரு மூன்றாவது வழி! 1868-ல் ஓட்டல்களுக்கும் இதே மாதிரி கூப்பன் கொண்டுவந்தார். 1873 மார்ச்சில் ஐரோப்பா முழுமைக்கும் ஒரு ரயில் காலஅட்டவணைப் புத்தகம் அவருடைய நிறுவனத்திலிருந்து வெளிவந்தது. 1874-ல் அயல்நாட்டில் பணமாக மாற்றிக்கொள்ளும் தாள்கள்; பிற்காலப் பயணக் காசோலைகளுக்கு அவை முன்னோடி.

எதிர்ப்பும் வந்தது. தொழிலாளரும் ஆசிரியரும் குமாஸ்தாவும் இத்தாலியில் கூட்டமாக வந்து இறங்குவதைச் சில மேட்டுக்குடியினர் பொறுக்கவில்லை. இத்தாலியில் பிரிட்டிஷ் தூதரக அதிகாரியாக இருந்த சார்லஸ் லீவர் என்ற எழுத்தாளர், 1865-ல் புனைபெயரில் குக்கின் பயணிகளைக் கேவலமாக எழுதினார். குக் பணியவில்லை. சாமானியனுக்கும் உலகம் பார்க்க உரிமை உண்டு என்று துணிந்து பதில் எழுதினார். நம்ம கல்லூரியில் படிக்கிற நமக்கெல்லாம் இந்த இடத்தில் கைதட்டத் தோன்றுகிறதா இல்லையா?

உலகச் சுற்றும் வீட்டுச் சண்டையும்

1869-ல் எகிப்து, பாலஸ்தீனம். 1872-ல் உலகச் சுற்று. அமெரிக்கா, ஜப்பான், சீனா, சிங்கப்பூர், இலங்கை என்று வந்து, இந்தியாவில் ரயிலிலேயே நாட்டைக் குறுக்காகக் கடந்து, எகிப்து வழியாகத் திரும்பினார். மொத்தம் 222 நாள். ஜூல்ஸ் வெர்ன் எண்பது நாளில் உலகைச் சுற்றும் தன் கதையைப் பத்திரிகையில் தொடராக வெளியிட்டது அதே 1872-ல்தான். கதாநாயகனுக்கு எண்பது நாள் போதும்; கூட்டத்தைப் பத்திரமாகக் கூட்டிப் போகிறவருக்கு முடியுமா?

ஊரெல்லாம் இணைத்தவருக்கு வீட்டில் ஒட்டவில்லை. தந்தைக்குப் பயணம் என்பது தொண்டும் சமயப் பணியும் கலந்தது. மகன் ஜானுக்கு அது கறாரான வியாபாரம். இரண்டு பேரும் உழைப்பாளிகள், இரண்டு பேரும் பிடிவாதக்காரர்கள். 1878-79 வாக்கில் தந்தை விலகினார். நிறுவனம் மகன் கைக்குப் போனது. 1880-ல் மகள் ஆனி வீட்டுக் குளியலறையில் இறந்துகிடந்தாள். வெந்நீர் போடும் சாதனத்தின் வாயு காரணம் என்று கருதப்பட்டது. 1884-ல் மனைவியும் போய்விட்டார். உலகத்தைக் காட்டியவரின் கண்பார்வை கடைசி வருஷங்களில் அணைந்துபோனது. 1891-ல் நிறுவனத்தின் பொன்விழா லண்டனில் கோலாகலமாக நடந்தபோது அதில் அவர் இல்லை. ஆனாலும் பிறந்த ஊரை மறக்காமல் அங்கே எளியவர்களுக்கு வீடுகள் கட்டிக் கொடுத்தார். 1892 ஜூலை 18-ல் லெஸ்டரில் காலமானார்.

நிறுவனம் பல கை மாறியது. 1928-ல் குடும்பம் அதை விற்றது. 2019 செப்டம்பரில் பிரிட்டனின் தாமஸ் குக் நிறுவனம் கடன் தாளாமல் மூடப்பட்டது. (நம்ம நாட்டில் அந்தப் பெயரில் உள்ள நிறுவனம் தனி உடைமை, அது 2012-லேயே கை மாறியது.) அந்தக் காலஅட்டவணைப் புத்தகத்தையும் நிறுவனம் 2013-ல் கைவிட, அதன் ஆசிரியர் குழுவினரே 2014 முதல் தனியாக வெளியிட ஆரம்பித்தார்கள்.

விட்டுப்போன வரி

சரி, அண்ணன் விஷயத்துக்கு வருவோம். ஐரோப்பாவுக்கு வெளியே வசிப்பவர்களுக்கான யூரெயில் பாஸ் 1959-ல் வந்தது. ஐரோப்பாவில் வசிப்பவர்களுக்கு 1972-ல் இன்டர்ரெயில். அண்ணன் முதல் வகை. ஒரு மாதத்துக்குள் நமக்குப் பிடித்த 4 நாள் மட்டும் பயணம் செய்யும் பாஸும் உண்டு. 27 வயது வரை இளைஞர் சலுகையும் உண்டு. அண்ணனுக்கு 26.

குக்கின் சீட்டுப் புத்தகத்தைப் படித்த பிறகு என் தாளை மறுபடி எடுத்துப் பார்த்தேன். சலுகை டிக்கெட்டில் வழி, நாள், ரயில் மூன்றுமே கட்டிப்போட்டது. ரயிலை விட்டால் பணம் போச்சு. முழுக் கட்டணச் சாதாரண டிக்கெட்டில் வழி கட்டிப்போட்டது, அன்றைக்கு எந்த ரயில் என்பதில் இளக்கம் உண்டு. பாஸில் வழியும் நாளும் நம் கையில். மேலே ஏற ஏற விலையும் ஏறும். அப்படியானால் நாம் விலை கொடுப்பது தூரத்துக்கு மட்டும் அல்ல, மனசை மாற்றிக்கொள்ளும் உரிமைக்கும் சேர்த்துத்தான். நாள் தள்ளிப்போனால் எவ்வளவு நஷ்டம் என்ற வரியே என் கணக்கில் இல்லை!

உடனே அண்ணனிடம் ஒரே ஒரு கேள்வி கேட்டேன். பயிற்சி முடியும் தேதி நிச்சயம்தானா? கொஞ்ச நேரம் யோசித்தார். மெஷினின் சோதனை ஓட்டம் முடிந்தால்தான் விடுவார்கள், அது ஓரிரு நாள் முன்னே பின்னே ஆகலாம் என்றார். அவ்வளவுதான், எனக்கு விடை கிடைத்துவிட்டது.

இரண்டு பேரும் புதிதாகக் கணக்குப் போட்டோம். 4 நாள் பாஸின் விலையை நான்கால் வகுத்தால் ஒரு நாளின் விலை. அதைவிட அதிகக் கட்டணம் வரும் நீண்ட பயணங்களுக்கு மட்டும் பாஸ்: ஸ்டுட்கார்ட்–கொலோன், கொலோன்–பிரஸ்ஸல்ஸ், பிரஸ்ஸல்ஸ்–பாரிஸ், பாரிஸ்–ஸ்ட்ராஸ்பர்க். ஸ்ட்ராஸ்பர்க்–ஹைடல்பர்க், ஹைடல்பர்க்–ஸ்டுட்கார்ட் குட்டிப் பயணங்கள். உள்ளூர் ரயிலில் அன்றன்றைக்கு டிக்கெட். குட்டிப் பயணத்துக்குப் பாஸின் ஒரு நாளைச் செலவழிப்பது, ஆணி அடிக்கச் சம்மட்டி எடுக்கிற மாதிரி. இன்னொன்று: பாஸ் இருந்தாலும் பிரஸ்ஸல்ஸ்–பாரிஸ் யூரோஸ்டார், பிரான்சின் டிஜிவி போன்ற அதிவேக ரயில்களில் இருக்கை முன்பதிவு கட்டாயம், அதற்குத் தனிக் கட்டணம், பாஸ்காரர்களுக்கு இடமும் அளவோடுதான். அதையும் கூட்டிக்கொண்டோம். மொத்தத்தில் என் பழைய கணக்கைவிடக் கொஞ்சம் அதிகம். பெரியப்பாவிடம் காரணத்தைச் சொல்லி ஒப்புதல் வாங்கினோம்.

நடந்தது என்ன? சோதனை ஓட்டம் இரண்டு நாள் இழுத்துவிட்டது. பாஸை இன்னும் தொடங்கவில்லை என்பதால் அது அப்படியே செல்லுபடி ஆனது. முன்பதிவு செய்த இருக்கை ஒன்றின் கட்டணம் மட்டும் போனது. எட்டு நாள் ஆறு நாளாகச் சுருங்கினாலும் ஐந்து ஊரையும் பார்த்துவிட்டுத்தான் அண்ணன் வந்தார். சலுகை டிக்கெட்டுகளாக எடுத்திருந்தால் வரிசையாகச் சீட்டுகள் வீணாகி, புது டிக்கெட்டுக்கு அன்றைய விலை கொடுத்திருப்பார்.

உண்மையைச் சொல்லிவிடுகிறேன். பயிற்சி சொன்ன தேதியில் முடிந்திருந்தால் என் முதல் கணக்கே சரி; பாஸ் தண்டச் செலவு. தேதி உறுதியாக இருப்பவர்கள் கண்ணை மூடிக்கொண்டு சலுகை டிக்கெட் எடுக்கலாம். எது மலிவு என்று கேட்பதற்கு முன்னால், என் பயணத்தில் எது நிச்சயம், எது மாறக்கூடும் என்று கேட்க வேண்டும். இது ஒன்றுதான் நான் கற்றது.

நண்பர்களே, நம்மில் பலர் நாளைக்கு வேலைக்காக, பயிற்சிக்காகக் கடல் கடப்போம். அப்போது கையில் இருக்கும் பணம் யாரோ ஒருவர் வயிற்றைக் கட்டிச் சேர்த்ததாக இருக்கும். ஒரு வருஷத்தில் இரண்டாயிரம் மைல் நடந்த ஒரு கடைசல் தொழிலாளி, பின்னால் வருகிறவர்கள் நடக்க வேண்டாம் என்று வழி போட்டு வைத்தார். டிக்கெட் எடுக்கும்போது ஒரு நிமிஷம் அவரை நினைத்துக்கொள்ளுங்கள்.